வடிகாலின் மறுமுனையில் ஒரு ஆறு இருக்கிறது: மழைநீர் வடிகால் துறைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மழைநீர் வடிகால் துறைப் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

நான் வட சென்னையின் கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்து, இங்கேயே குடும்பம் நடத்துகிறவன். இதை மேயருக்கோ அமைச்சருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. எந்தத் தெரு வடிகால் எத்தனை அடி ஆழம், எங்கே சரிவு குறைவு, எது எந்தக் கால்வாயில் போய் விழுகிறது என்பதெல்லாம் உங்கள் வரைபடங்களில்தான் இருக்கிறது. நான் கேட்கப்போவதைச் செய்ய புதுச் சட்டம் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். உங்கள் துறை மனம் வைத்தால் போதும்.

நன்றி சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த ஊரில் வடிகால் வேலை நடந்த அளவுக்கு அதற்கு முன் நடந்து நான் பார்த்ததில்லை. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையிலான குழு ஆய்வு செய்தது. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனோடு, 3,220 கோடி ரூபாய் மதிப்பில் கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டம் வந்தது. திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் வடிகாலே இல்லாமல் கிடந்த தெருக்களில் கான்கிரீட் வடிகால் இறங்கியது. பள்ளம் தோண்டிப் போட்டபோது நாங்கள் திட்டினோம். தண்ணீர் சீக்கிரம் வடிந்த தெருக்களில் அதே ஆட்கள் உங்களை வாழ்த்தினார்கள். இரண்டுமே உண்மை.

ஆனால் ஒவ்வொரு மழைக்கும் பிறகு வரும் அறிக்கைகளில் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது. எத்தனை சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது, எத்தனை மோட்டார் ஓடியது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் இல்லை என்றால் அன்றைக்கு வெற்றி. அந்தத் தண்ணீர் எங்கே போனது, எதையெல்லாம் சுமந்துகொண்டு போனது என்ற கேள்விக்கு அந்த அறிக்கைகளில் இடமே இல்லை. இந்த மடல் அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

வட சென்னைத் தண்ணீரின் வழி உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணா நகர்ப் பக்கத்திலிருந்து வரும் ஓட்டேரி நல்லா என்ற கால்வாய் அயனாவரம், ஓட்டேரி, புளியந்தோப்பு என்று கடந்து பேசின் பிரிட்ஜ் அருகே பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. வியாசர்பாடி, கொடுங்கையூர்த் தண்ணீர் கேப்டன் காட்டன் கால்வாய் வழியாக அதே பக்கிங்காமுக்குத்தான் வருகிறது. புழல் ஏரியின் உபரி நீர் வடபெரும்பாக்கம், மணலி வழியாகப் போய்ச் சடையங்குப்பம் பக்கம் கொசஸ்தலையாற்றில் விழுகிறது. பக்கிங்காமும் வடக்கே ஓடி அந்த ஆற்றோடு சேர்கிறது. கடைசியில் எல்லாம் போய் நிற்பது எண்ணூர் முகத்துவாரம்.

அந்த முகத்துவாரத்தில் மனிதர்கள் வேலை செய்கிறார்கள். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் என்று வரிசையாகக் குப்பங்கள். மடவை, இறால், நண்டு இதுதான் பிழைப்பு. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் இன்றைக்கும் அங்கே இருக்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பல், ஆலைக் கழிவு, முகத்துவாரத்தில் மணல் அடைப்பு, மட்டிப் படுகைகளை மூடிப் பரவும் காக்கா ஆழி என்ற அந்நியச் சிப்பி என்று அவர்களுக்கு ஏற்கெனவே ஆயிரம் தொல்லை. அத்தோடு நம் தெருக்களின் அழுக்கும் போய்ச் சேர்கிறது. கொருக்குப்பேட்டையில் என் வீட்டு வாசலில் விழும் மழை, காட்டுக்குப்பத்தில் இருக்கும் என் அத்தை வீட்டுக்காரர்களின் கால்களைத் தொட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போகிறது. அதனால்தான் தண்ணீர் வடிந்துவிட்டது என்ற செய்தியோடு என்னால் நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

சரி, அந்தத் தண்ணீரில் என்னதான் இருக்கிறது?

சென்னையில் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் அவ்வப்போது ஒரு கோடை மழை, ஆடி ஆவணியில் சில சாயங்கால மழை. அந்த நீண்ட காய்ந்த காலம் முழுவதும் சாலைதான் எல்லா அழுக்கையும் வாங்கிச் சேர்த்துவைக்கிறது. வட சென்னையில் அது சாதாரணச் சாலையும் இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக வரிசையில் நிற்கின்றன. டயர் தேய்ந்த கரித்தூள், பிரேக்கிலிருந்து உதிரும் உலோகத்தூள், சொட்டுச் சொட்டாக ஒழுகும் டீசலும் கிரீஸும், லாரியிலிருந்து சிந்தும் நிலக்கரி, சாம்பல், சிமென்ட். சாலையோரப் பட்டறைகளில் மாற்றிய பழைய எஞ்சின் ஆயில். மீன் மார்க்கெட், இறைச்சிக்கடை கழுவிய தண்ணீர். டீக்கடைக் கப், ஷாம்பு பாக்கெட், குட்கா உறை. முதல் பெருமழையின் முதல் அரைமணி நேரம் இவ்வளவையும் வழித்துக்கொண்டு வடிகாலில் இறங்குகிறது. அந்த முதல் தண்ணீர்தான் எல்லாவற்றிலும் மோசமானது. அதற்குப் பிறகு பெய்வது ஓரளவு தெளிந்த தண்ணீர். உலகத்தில் எந்த ஊரில் மழைநீர் மாசைப் பற்றிப் பேசினாலும் இந்த முதல் கழுவலைப் பிடித்து நிறுத்துவதைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். நம்மூரில் அதை எவ்வளவு வேகமாகக் கால்வாய்க்கு அனுப்பலாம் என்று மட்டும் பார்க்கிறோம்.

சாலை அழுக்கைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் மாதம், கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்னால், கடைசி மழை பெய்து பல வாரம் ஆன ஒரு நாளில் பக்கிங்காம் கால்வாய்க் கரையோடு நடந்து பாருங்கள். தெரு வடிகால்கள் வந்து கால்வாயில் திறக்கும் வாய்களைப் பாருங்கள். காய்ந்து கிடக்க வேண்டிய வாய்கள் பலவற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். சிலவற்றில் சோப்பு நுரை. சிலவற்றில் கறுப்பு. காலை ஆறிலிருந்து ஒன்பது மணிக்குள் ஓட்டம் கூடும், மதியம் குறையும், இரவு மறுபடி கூடும். மழையே இல்லாத மாதத்தில், வீடுகளில் குளித்துத் துவைக்கும் நேரத்துக்குக் கூடிக் குறையும் தண்ணீர் எதுவாக இருக்க முடியும்? பாதாளச் சாக்கடைக்குப் போக வேண்டியது மழைநீர் வடிகாலில் வருகிறது.

சென்னையில் இரண்டு அமைப்பும் தனித்தனி. மழைநீர் உங்களுடையது, கழிவுநீர் குடிநீர் வாரியத்தினுடையது. காகிதத்தில் இரண்டும் எங்கேயும் சந்திப்பதில்லை. தெருவில் நூறு இடத்தில் சந்திக்கின்றன. பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டே இருக்கும் தெருவில், அலைந்து அலுத்துப்போன வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூப்பிட்டு வடிகால் சுவரில் ஒரு ஓட்டை போட்டுக் குழாயைச் சொருகிவிடுகிறார். 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளில் சாக்கடை இணைப்பே வந்து சேராத தெருக்களில் வேறு வழியும் இருக்கவில்லை. சில அடுக்குமாடிகள் இரவில் மோட்டார் போட்டு இறைக்கின்றன. சாக்கடை சாலையில் பொங்கும்போது பம்ப்செட் வைத்துப் பக்கத்து வடிகாலுக்குத் திருப்பிவிடுவதை நானே பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். இறைத்தது யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. அப்புறம் மழைக்காலத்தில் இதன் மறுபக்கம் நடக்கிறது. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் ஜனங்கள் சாக்கடை மூடியைத் திறந்துவிடுகிறார்கள். மழைநீர் அதற்குள் புகுந்து குழாய் தாங்காமல் தாழ்வான வீடுகளின் கழிவறை வழியாகப் பொங்குகிறது.

இதன் விலையை முதலில் கொடுக்கிறவர்கள் உங்கள் வடிகாலில் இறங்கித் தூர் வாருகிறவர்கள். மலக்குழியில் மனிதரை இறக்குவதை 2013-ம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. ஆனால் மழைநீர் வடிகால் என்று பெயர் எழுதிய பள்ளத்தில் இறங்குகிறவர் எதில் நிற்கிறார்? அதே மலத்தில்தான் நிற்கிறார். பல தெருக்களில் கையுறைகூட இல்லாமல் நிற்கிறார். சேற்றை உறிஞ்சும் சூப்பர் சக்கர் லாரிகளும், தண்ணீரிலும் கரையிலும் ஓடும் இயந்திரங்களும் மாநகராட்சியிடம் இருப்பது தெரியும். அவை குறுகலான தெரு வடிகாலுக்கு வருவதில்லை. கழிவுநீர் கலப்பை நிறுத்தாமல் இந்த வேலையைக் கண்ணியமான வேலையாக மாற்ற முடியாது. என்னைக் கேட்டால், ஆற்றைப் பற்றிய கவலைக்கும் முன்னால் இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கொடுங்கையூரில் கழிவுநீரை மேலும் சுத்திகரித்து மணலித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையம் 2019-ல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன் கொண்டது. கழிவுநீருக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிற காலம் இது. அந்தக் கழிவுநீரைத்தான் வடிகால் வழியாக ஆற்றுக்கு விட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமான வேலை இல்லை என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். மழையில்லாத நாளில் வாயில் ஓட்டம் இருந்தால் அங்கிருந்து மேல்நோக்கி நடக்க வேண்டியதுதான். ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்து, கிளை பிரியும் இடத்தில் எந்தக் கிளை ஈரம், எது காய்ந்தது என்று குறித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு தெருவுக்கு வந்துவிடலாம். சந்தேகப்படும் கட்டடத்தின் கழிவறையில் சாயத்தைக் கலந்து ஊற்றினால் அது வடிகாலில் வருகிறதா, சாக்கடையில் வருகிறதா என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும். அமெரிக்காவில் 1987-ல் நீர்ச் சட்டத்தைத் திருத்தி, 1990-லிருந்து பெரிய நகரங்களின் மழைநீர் வடிகால்களுக்கும் அனுமதி வாங்க வேண்டும் என்று ஆக்கினார்கள். ஆலை தன் கழிவுநீருக்கு அனுமதி வாங்குகிற மாதிரி, நகராட்சியும் தன் வடிகால் வாய்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அங்கே நகராட்சிகள் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, எல்லா வாய்களையும் வரைபடத்தில் குறித்து, காய்ந்த நாளில் போய்ப் பார்ப்பது. முப்பது வருடத்துக்கு மேல் நடக்கிற சாதாரண நடைமுறை. நமக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் நடந்து போய்ப் பார்ப்பதற்குச் சட்டம் எதற்கு?

வீட்டுக்காரர்கள் மேல் முதலிலேயே அபராதத்தோடு பாய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் தெரிந்தே செய்த தப்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஒண்டுக் குடித்தன வளாகத்தில் எட்டுக் குடும்பம் இருக்கும். குழாயைச் சொருகியது யார் என்று அதில் ஒருவருக்கும் தெரியாது, எந்தக் காலத்திலோ வீட்டு உரிமையாளர் செய்தது. தெருவில் சாக்கடைக் குழாய் சரியாக ஓடுகிறதா என்று வாரியத்தோடு சேர்ந்து முதலில் பாருங்கள். ஓடினால், இன்ன தேதிக்குள் மாற்றிக்கொண்டால் அபராதம் இல்லை, இணைப்புக் கட்டணம் தவணையில் கட்டலாம் என்று அவகாசம் கொடுங்கள். அதற்குப் பிறகும் மாற்றாத அடுக்குமாடிக்கும் வணிகக் கட்டடத்துக்கும் கடுமையாகப் போடுங்கள். லாரியில் கொண்டுவந்து இரவில் வடிகாலில் கொட்டுகிறவர்களுக்கு அவகாசமே வேண்டாம்.

இப்போது 2023 டிசம்பருக்கு வருகிறேன். மிக்ஜாம் புயல் மழையோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய்க்குள் வந்து, அங்கிருந்து கொசஸ்தலையாற்றுக்கும் முகத்துவாரத்துக்கும் பரவியது. எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வந்த வெள்ளம் சுவரில் எண்ணெய்க் கோடு போட்டுவிட்டுப் போனது. கூழைக்கடாக்கள் தார் பூசினது போல நின்ற படங்களை எல்லாரும் பார்த்தோம். படகு, வலை எல்லாம் வீணாகின. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது வாளியால் அள்ளினார்கள். ஏறக்குறைய ஏழு வருடம் கழித்தும் மீனவர்கள் மக்கையும் வாளியையும் வைத்துக்கொண்டுதான் ஆற்றில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். 

இது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விஷயம், எங்கள் துறைக்கு என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஆலைக்குள் கழிவுநீர் ஓடும் குழாய்க்கு அனுமதி, அளவு, கண்காணிப்பு எல்லாம் உண்டு. ஆனால் அந்த வளாகத்தின் முற்றத்தில், தொட்டிகளுக்கு நடுவில், லாரி நிற்கும் இடத்தில் பெய்யும் மழையும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு வெளி வடிகாலுக்கு வரும். அது வெளியே வரும் இடம் உங்கள் வடிகாலாகவோ நீர்வளத் துறையின் கால்வாயாகவோதான் இருக்கும். மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-லேயே மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலில் வைத்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு வளாகத்தின் மழைநீரும் எந்த இடத்தில் வெளியே வருகிறது, அங்கே எண்ணெய் பிரிக்கும் தொட்டி இருக்கிறதா, அடைப்பு ஷட்டர் இருக்கிறதா, மழைக்கு முன் அதைத் திறந்து பார்த்தது யார் என்று உங்களிடமும் ஒரு பட்டியல் இருக்க வேண்டும். பெரிய ஆலைகளுக்கு மட்டும் சொல்லவில்லை. மாதவரம், மணலிப் பக்கத்து லாரி பார்க்கிங், வாட்டர் சர்வீஸ், பட்டறை எல்லாவற்றுக்கும்தான். மூன்று அறை கொண்ட சின்னத் தொட்டி. எண்ணெய் மேலே மிதக்கும், மண் கீழே தங்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் வெளியே போகும். அதைக் கட்டாத சர்வீஸ் நிலையத்துக்குத் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று மாநகராட்சி சொன்னால் ஒரே வருடத்தில் நிலைமை மாறும். தொழில் உரிமத்தை உங்கள் மாநகராட்சியேதான் கொடுக்கிறது.

கட்டட வேலைகளும் அப்படித்தான். வட சென்னை முழுக்க இப்போது மெட்ரோ, மேம்பாலம், புதுக் குடியிருப்பு என்று ஏதாவது ஒன்று எழும்பிக்கொண்டே இருக்கிறது. மணலைத் தெருவில் கொட்டி வைக்கிறார்கள். கான்கிரீட் கலவை லாரியை வடிகால் ஓரத்திலேயே கழுவுகிறார்கள். அந்தச் சிமென்ட் பால் வடிகாலுக்குள் போய்க் கல்லாக இறுகி, பிறகு உங்கள் ஆட்களே உளியை வைத்து உடைக்க வேண்டியிருக்கிறது. கொடுங்கையூரில் இடிபாடுகளைப் பதப்படுத்தும் ஆலை இருந்தும் இரவோடு இரவாகக் கால்வாய்க் கரையில் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து வடிகாலுக்குப் போகும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் வண்டல் இருக்கக் கூடாது என்று விதி. வடிகால் ஓரத்தில் கேமரா வைத்து நீரின் நிறத்தைக் கவனிக்கிறார்கள். அங்கே தெருவில் விழும் மழை நீர்த்தேக்கத்துக்குப் போய்க் குடிநீராகத் திரும்பி வருகிறது, அதனால் அவர்களுக்கு அந்தக் கண்டிப்பு. அந்தக் கட்டடங்களில் நம்மூர்ப் பிள்ளைகள்தான் வேலை பார்க்கிறார்கள். மண்மூட்டை அடுக்கி வண்டலைத் தடுக்கவும், லாரியைக் கழுவிய நீரைத் தொட்டியில் தெளியவிட்டு அனுப்பவும் அவர்களுக்குத் தெரியும். இங்கே கேட்க ஆள் இல்லை, அதனால் செய்வதில்லை.

தூர் வாருவதைப் பற்றி ஒரு சின்ன விஷயம். சின்னது என்றாலும் வருடா வருடம் வயிறெரியச் செய்கிற விஷயம். செப்டம்பரில் வடிகாலிலிருந்து அள்ளிய வண்டலை அதே மூடிக்குப் பக்கத்தில் குவித்துவைக்கிறார்கள். காய்ந்தால்தான் லாரியில் ஏற்ற முடியும் என்று சொல்கிறார்கள். அதற்குள் ஒரு மழை வந்தால் பாதி திரும்ப உள்ளே போகிறது. அந்த வண்டலில்தான் வருடம் முழுவதும் சேர்ந்த உலோகத்தூளும் எண்ணெயும் மலமும் இருக்கிறது. அதன் மேல் பிள்ளைகள் நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். அள்ளிய அன்றைக்கே எடுத்துப்போகும் நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தூர் வாரியதற்கான பில்லை மீட்டர் கணக்கில் கொடுக்காமல், எடைமேடையில் நிறுத்த வண்டலின் கணக்கில் கொடுங்கள். எந்தத் தெருவில் எவ்வளவு வண்டல் வந்தது என்ற கணக்கும் அப்போது உங்களுக்குக் கிடைக்கும். எங்கே அதிகமோ அங்கே சாலை பெருக்குவதைக் கூட்டலாம். மழைக்கு முந்தைய மாதம் பெரிய சாலைகளை இயந்திரத்தால் அழுத்திப் பெருக்கினாலே முதல் கழுவலின் பாதி விஷம் ஆற்றுக்குப் போகாது என்பது என் எண்ணம்.

நிலத்தடிக்கு நீர் செலுத்தும் குழிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. புதிய வடிகால்களில் ஆயிரக்கணக்கில் வண்டல் தொட்டிகளும் உறிஞ்சு குழிகளும் வருகின்றன. நல்ல யோசனைதான். 2003-ல் வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கிணறுகளில் நீர் ஏறியதை நாங்கள் பார்த்தவர்கள். ஆனால் கூரை நீர் வேறு, லாரி நிற்கும் சாலையின் நீர் வேறு. தண்டையார்பேட்டையில் 2013-ல் பூமிக்கடியில் எண்ணெய்க் குழாய் கசிந்து போர்வெல்லில் எண்ணெய் வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. மண்ணுக்குள் போனதைத் திரும்ப எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது பார்த்துவிட்டோம். கழிவுநீர் கலக்கிற வடிகாலிலும் தொழிற்பகுதிச் சாலையிலும் உறிஞ்சு குழி போட்டால் எங்கள் அடிபம்புக்கு நாமே விஷம் ஊற்றியதாகும். அந்த இடங்களில் முதலில் கலப்பை நிறுத்துங்கள், அதன்பின் குழி போடுங்கள். குடியிருப்புத் தெருக்களிலும் பூங்காக்களிலும் தாராளமாகப் போடுங்கள். பூங்காக்களில் மழைநீர் தேங்கி இறங்கும் குளங்கள் வெட்டியதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். புல்லும் மண்ணும் வழியாக மெதுவாக இறங்கும் நீர் வடிகட்டப்பட்டே இறங்குகிறது. ரெட்டேரி, மாதவரம், கொரட்டூர் ஏரிகளுக்கு வரும் வாய்க்கால்களின் முகப்பிலும் நாணலும் புல்லும் வளர்ந்த ஒரு தேக்கப் பகுதியை விட்டுவைத்தால், ஏரிக்குள் நேராக அழுக்கு விழாது.

இதையெல்லாம் செய்வது யார் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார். தெரு வடிகால் மாநகராட்சி, பெரிய கால்வாய் நீர்வளத் துறை, கழிவுநீர் குடிநீர் வாரியம், பெரிய சாலை ஓரம் நெடுஞ்சாலைத் துறை, ஆலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், துறைமுகச் சாலை இன்னொருவர். ஓட்டேரி நல்லாவில் மிதக்கும் ஒரு பிளாஸ்டிக் மூட்டை இத்தனை பேருடைய எல்லையையும் தாண்டித்தான் எண்ணூருக்குப் போகிறது. புகார் கொடுக்கிற எங்களை ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்துக்கு அனுப்புகிறது. எல்லாத் துறையையும் ஒன்றாக்கச் சொல்லவில்லை, அது நடக்கிற காரியமும் இல்லை. ஆனால் தெருவில் விழுந்த தண்ணீர் கால்வாயில் இறங்கும் வாய் வரைக்கும் உங்களுடையதுதான். அந்த வாயில் என்ன விழுகிறது என்பதற்கு நீங்கள் பொறுப்பேற்றால், மற்றவர்களைக் கேள்வி கேட்கும் இடத்தில் நீங்களே இருப்பீர்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் பகுதிகளில் கால்வாயிலும் ஆற்றிலும் கடலிலும் திறக்கும் ஒவ்வொரு வடிகால் வாய்க்கும் ஒரு எண் கொடுங்கள். அந்த எண்ணைக் கான்கிரீட்டில் பெயின்டால் எழுதுங்கள். வரும் ஏப்ரலில் ஒவ்வொரு வாயையும் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை போய்ப் பார்த்து, ஓட்டம் இருந்ததா இல்லையா என்று பதிவு செய்யுங்கள். ஓடிய வாய்களின் நீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முதல் பெருமழை அன்றும் சில முக்கியமான வாய்களில் முதல் அரைமணி நேரத்து நீரை எடுங்கள். முடிவுகளை எண் வாரியாகத் தமிழில் வெளியிடுங்கள், வார்டு அலுவலகத்திலும் ஒட்டுங்கள். அடுத்த ஏப்ரலில் ஓடும் வாய்கள் எத்தனை குறைந்தன என்று சொல்லுங்கள். தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்று சொல்லும் அதே அறிக்கையில் இந்த எண்ணிக்கையும் இருக்கட்டும்.

தெருவில் தண்ணீர் இறங்கும் ஒவ்வொரு வாயிலும் "இது எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது, மழைநீர் மட்டும்" என்று எழுதிவையுங்கள். பட்டறைப் பையன் ஆயில் டின்னைச் சரிக்கும் முன்னால், டீக்கடைக்காரர் கப்புகளைத் தள்ளும் முன்னால் படிக்கட்டும். பெரும்பாலானவர்களுக்கு இந்த ஓட்டை சாக்கடைக்குப் போகிறது, அங்கே எங்கேயோ சுத்தம் செய்துவிடுவார்கள் என்ற நினைப்பு. நேராக ஆற்றுக்குப் போகிறது என்பது தெரியாது. பழைய ஆயிலை வாங்கிக்கொள்ளும் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்கள் வண்டியை மாதம் ஒருமுறை பட்டறைத் தெருக்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தால், கொட்டாதே என்று சொல்வதோடு எங்கே கொடுப்பது என்றும் சொன்னதாகும்.

எங்கள் பங்குக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஏப்ரலில் நீங்கள் வரும்போது கூட நடக்க எங்கள் தெருக்களில் ஆட்கள் இருக்கிறார்கள். எந்த மூடிகள் திறக்கும், எவற்றின் மேல் தார் போட்டு மறைத்துவிட்டார்கள், எந்தச் சந்தில் இரவு பத்து மணிக்கு மேல் மோட்டார் சத்தம் கேட்கும் என்பது எங்களுக்குத் தெரியும். தேதியை வார்டு அலுவலகத்தில் முன்கூட்டியே ஒட்டிவிடுங்கள், வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டைவாசி ஒருவர்